ஆக்சலாட்டில் குஞ்சுகள் பொரிந்துவிட்டன: முதல் தீவனம் என்ன, ஃபில்டர் போடலாமா?

தொட்டிவாசி:
வணக்கம். நான் வளர்க்கும் ஆக்சலாட்டிலின் (செவுளோடு நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை) முட்டைகள் பொரிய ஆரம்பித்துவிட்டன. அறுபது குஞ்சுகள் வரை வெளியே வந்திருக்கும், பாதி இன்னும் முட்டைக்குள்தான். தண்ணீர் 20 டிகிரி. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் நீளம், கால் முளைக்கவில்லை, அடியில் அசையாமல் கிடக்கின்றன. மீன் குஞ்சுக்கான பொடித் தீவனம் தூவினால் தொடுவதே இல்லை. எப்போதிலிருந்து, என்ன கொடுக்க வேண்டும்? ஃபில்டர் வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விடலாமா?

செவுள்:
முதல் வேலையாக அந்தப் பொடியை நிறுத்துங்கள். அடியில் தங்கியிருப்பதை இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இந்த வயதில் அசைவதுதான் இரை. முகத்துக்கு முன்னால் ஏதாவது நெளிந்தால் கவ்வும், நெளியாதது பக்கத்திலேயே கிடந்தாலும் தீவனமாகத் தெரியாது. பொடி அழுகி அம்மோனியா ஏறுவதுதான் மிச்சம்.

அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொரிந்து இரண்டு மூன்று நாளைக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும், அது தீரும்வரை தேட மாட்டா. அதற்குள் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சுகள் தயாராக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, 1 கிராம் ஆர்ட்டீமியா முட்டை. பாட்டிலின் அடிவரை ஏர் பம்ப் குழாயை இறக்கி, முட்டைகள் தங்காமல் சுழலும் அளவுக்குக் காற்று விடுங்கள். 26 முதல் 28 டிகிரி சூடும் மேலே ஒரு விளக்கும் இருந்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் திரளும். அடியிலிருந்து குழாயால் எடுத்து, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகுதான் கொடுக்க வேண்டும். அலசாவிட்டால் உப்பு சேரும். ஓடு கலந்தால் அது செரிக்காது.

ஒரு நாள் இடைவெளியில் இரண்டு பாட்டில் ஓடவிட்டால் தினமும் புதிது கிடைக்கும். ஆர்ட்டீமியா குஞ்சும் தன் கருவைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. ஒரு நாள் கழிந்ததில் சத்து கணிசமாகக் குறைந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை, மாலை இரண்டு வேளை. வயிறு ஆரஞ்சாக உப்பித் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டது. பொரியாத முட்டைகளில் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றவற்றைக் கிள்ளிப் பிரிக்க வேண்டாம்.

குளிர்நீர்:
ஃபில்டர் இப்போ வேண்டவே வேண்டாம். இந்த சைஸ் குஞ்சை உறிஞ்சி இழுத்துடும், ஓட்டத்துல இரையும் கையில சிக்காது. 6, 7 செ.மீ. ஆழம் தண்ணி விட்ட அகலமான பிளாஸ்டிக் டப்பா போதும். ஆர்ட்டீமியா நல்ல தண்ணில சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் செத்து அடியில படியும். குஞ்சு சாவுறதுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான், நோய் இல்ல. அதனால ஒவ்வொரு வேளையும் தீனி கொடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு அடியை உறிஞ்சணும், தினம் ஒரு தடவை முழுத் தண்ணியும் மாத்தணும்.

மாத்துற தண்ணி பழைய தண்ணியோட சூட்டுலயே இருக்கணும். குழாய்த் தண்ணினா டீகுளோரினேட்டர் (குளோரினை முறிக்கிற மருந்து) கட்டாயம். ஒரு நாள் திறந்து வெச்சா குளோரின் போயிடும், சில ஊர்ல அதுக்குப் பதிலா கலக்குற குளோரமைன் போகாது. குஞ்சை வலையில பிடிக்காதீங்க, செவுள் கிழியும். கரண்டியோ வாய் அகலமான பைப்பெட்டோ போதும்.

20 டிகிரி பரவாயில்ல, 16-18 இன்னும் நல்லது. 24-ஐத் தாண்ட விடாதீங்க. தண்ணி மட்டத்துல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேரா போடுறது தப்பு, சூடு சட்டுனு இறங்கும்.

தொட்டிவாசி:
நன்றி. ஆர்ட்டீமியா முட்டை கைக்கு வர ஓரிரு நாள் தள்ளிப்போகும் போலிருக்கிறது. அதுவரை மைக்ரோவோர்ம் (நூல் போன்ற பொடிப் புழு) போதுமா? கோழி முட்டையின் மஞ்சள் கருவை அவித்துக் கரைத்துக் கொடுக்கலாம் என்றும் எங்கோ படித்தேன்.

டாப்னியா:
மஞ்சள் கரு வேண்டாம். அது அசையாது, ஒரே மணி நேரத்தில் தண்ணீரைப் பால் போலாக்கிவிடும். மைக்ரோவோர்ம் ஓரிரு நாள் சமாளிக்க உதவும். நல்ல தண்ணீரிலும் பல மணி நேரம் நெளிந்துகொண்டிருக்கும், ஆனால் அதை மட்டுமே கொடுத்தால் வளர்ச்சி மந்தமாகிவிடும். டாப்னியா (குளத்தில் வாழும் நீர்த்தெள்ளு) கிடைத்தால் விடாதீர்கள். உயிரோடு நீந்திக்கொண்டே இருக்கும், தண்ணீரைக் கெடுக்காது. பெரியவை வாய்க்குள் போகாது, சல்லடையில் சலித்துச் சிறியதை மட்டும் கொடுங்கள். குளத்தில் பிடித்தது என்றால் ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரா (கொட்டும் இழைகள் உள்ள சிறு நீருயிர்) இருந்தால் குஞ்சைக் கொட்டும், தட்டானின் இளம்புழு இருந்தால் பிடித்துத் தின்றே விடும்.

இனி ஒரே தொட்டியில் விடும் விஷயம். முன்னங்கால் முளைக்கும்வரை பெரிய சண்டை இல்லை. இரண்டு செ.மீ. அளவில் கால் அசைய ஆரம்பித்ததும் பக்கத்துக் குஞ்சின் காலும் செவுளும்கூட இரையாகத் தெரியும். பசியும் நெரிசலும் சேர்ந்தால் காலையில் பாதிக்குக் கால் இருக்காது. நான்கு காலும் முளைத்து ஐந்து செ.மீ. தாண்டும்வரை இதுதான் மோசமான கட்டம். கடிபட்ட கால் சில வாரங்களில் திரும்ப வளரும், ஆனால் அழுக்குத் தண்ணீரில் அந்தப் புண்ணில் பூஞ்சை பிடித்தால் குஞ்சு தேறுவது கடினம். தனித்தனிக் கப்பில் வளர்ப்பதுதான் சரியான வழி.

செவுள்:
அறுபது கப் என்றால் தினமும் அறுபது தண்ணீர் மாற்றம். மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிடும், பிறகு எல்லாக் கப்பும் அழுக்காகக் கிடக்கும். அளவு பார்த்து டப்பாவுக்குப் பத்து குஞ்சாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை வளர்ச்சியில் முந்தியவற்றை எடுத்து வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள், கடிப்பது பெரும்பாலும் அவைதான். தனிக் கப் கடிபட்டவற்றுக்கு மட்டும் போதும்.

டாப்னியா:
அடிக்கடி பிரித்துக்கொண்டே இருந்தால் சரிதான். பெரும்பாலும் அதைத்தான் தள்ளிப்போடுவார்கள்.

குளிர்நீர்:
அடுத்த கட்டத்தையும் சொல்லிடுறேன். ரெண்டரை செ.மீ.க்கு மேல பொடியா நறுக்கின பிளாக்வோர்ம் (மெல்லிசான நீர்ப்புழு), உருக வெச்ச ஃப்ரோசன் பிளட்வோர்ம் (ஒரு வகை ஈயோட சிவப்புப் புழு) கொடுக்கலாம். பிளட்வோர்மை சாமணத்துல பிடிச்சு முன்னால ஆட்டிக் காட்டணும். நாலு காலும் வந்தப்புறம் மோப்பம் பிடிச்சு அசையாததையும் தின்னப் பழகும், அப்போ மூழ்குற மெத்துனு இருக்குற பெல்லட் பழக்கலாம். ஏழெட்டு செ.மீ.ல நறுக்கின மண்புழு. கடைசிவரைக்கும் அதுதான் முக்கியத் தீனி, பிளட்வோர்ம் மட்டும் போதாது.

அடியில கல், மணல் எதுவும் போடாதீங்க. இரையோட சேர்த்து முழுங்கிடும், கல் குடல்ல அடைச்சா வெளிய வராது. செவுள் முன்பக்கமா வளைஞ்சிருந்தா ஓட்டம் அதிகம்னு அர்த்தம், சுருங்கிப் போனா அம்மோனியாவை டெஸ்ட் பண்ணுங்க.

ஐந்து செ.மீ. ஆனதும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட தொட்டிக்கு மாத்தலாம். ஆனா அந்தத் தொட்டி சைக்கிள் ஆக, அதாவது அம்மோனியாவை மாத்துற நல்ல பாக்டீரியா ஃபில்டர்ல வளர, நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதனால இன்னைக்கே ஓடவிட்டுடுங்க. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழ. இந்த மூணும் வராம குஞ்சை மாத்தாதீங்க.