வாய்க்கால் கரையில் நொச்சி: போத்து எப்போது, எங்கே நடுவது?

கடைமடை (திருத்துறைப்பூண்டி பக்கம்):
வயலோரம் சொந்த வாய்க்கால் கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. அதை எடுத்துவிட்டு நொச்சி வைக்கலாம் என்றிருக்கிறேன். வேலி மாதிரி வரிசையாக வேண்டாம், தானாக முளைத்த புதர் போல இருக்க வேண்டும். களிமண். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கரையைத் தொடும். கிளையை வெட்டி நடும் போத்து பிழைக்குமா?

வெண்ணாற்றங்கரை:
பிழைக்கும். ஆனால் முதலில் காட்டாமணக்கு முழுசாகப் போக வேண்டும். வெட்டிக் கரையிலேயே போட்டால், ஈரத்தில் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். வாய்க்கால் வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியில் தூரோடு தோண்டி, மேட்டில் போட்டுச் சருகாகக் காயவிடுங்கள். மழைக்குப் பிறகும் மிச்ச வேர் துளிர்க்கும். சிறிதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும்.

போத்துக்குப் பழுப்பேறிய, விரல் பருமனான கிளை எடுங்கள். முக்கால் அடி நீளம், 3 அல்லது 4 கணு. அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. இலையை உருவிவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். பச்சை நுனிக்கிளை களியில் அழுகிவிடும்.

ஆடிப்பட்டம்:
இடம்தான் முக்கியம் அண்ணே. நொச்சி சில நாள் வெள்ளம் தாங்கும், வாரக்கணக்கில் அடித்தண்டு மூழ்கினால் தாங்காது. வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு ஒரு அடி மேலே, கரைச் சரிவில் நடுங்கள். அதற்குக் கீழே தாழை வைக்கலாம், ஈரத்தில் நன்றாக வரும். முள் இருப்பதால் நடைபாதைப் பக்கம் மட்டும் வேண்டாம்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வரத் தாமதமாகும். வந்ததும் ஆடியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் நட்டால் கரை மண்ணோடு போத்தும் சரியும்.

வெண்ணாற்றங்கரை:
ஆடி சரி. தண்ணீர் பிந்துகிற வருடமென்றால் வைகாசியிலேயே பையில் போத்து வைத்து நிழலில் வளர்த்துக்கொள்வது நல்லது.

புதர்த் தோற்றத்துக்கு மூன்று, ஐந்து என்று கொத்தாக, செடிக்குச் செடி 4 அடி விட்டு நடுங்கள். தூர்வாரும் இயந்திரம் இறங்க ஒரு கரையைக் காலியாக விடுங்கள். பூ கிளை நுனியில்தான் வரும். அடிக்கடி கத்தரித்தால் ஊதாப் பூவும் இல்லை, தேனீயும் இல்லை. பூத்து ஓய்ந்தபின் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் அடியிலிருந்து அடர்த்தியாகத் தழையும். எல்லாக் கொத்தையும் ஒரே வருடத்தில் வெட்டாதீர்கள்.