டிஏசி ஐசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற சிப்) ஓவரா கரண்ட் இழுத்த கதை இருந்தா போடுங்க

நானே ஆரம்பிக்கிறேன். குன்னூர்ல சின்ன சர்வீஸ் கடை, டிவி மிக்சின்னு எது வந்தாலும் பாப்பேன். போன ஐப்பசில வெலிங்டன்ல இருந்து ஒரு ரிட்டயர்டு மிலிட்டரி ஐயா பழைய சிடி பிளேயர் ஒண்ணை துண்டுல சுத்தி கொண்டாந்தாரு. "இடி இடிச்ச நைட்ல இருந்து ஒரே இரைச்சல் தம்பி, பாட்டு கிணத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கு"ன்னாரு.

திறந்தா உள்ள டிடிஏ 1541ஏ, 80-கள்ல பிலிப்ஸ் பண்ண 16 பிட் டிஏசி ஐசி, 28 கால். பவர் குடுத்து ரெண்டு நிமிஷத்துல 7915 (மைனஸ் 15 வோல்ட் குடுக்குற ரெகுலேட்டர்) மேல விரல் வைக்க முடியல. ஐசியும் சூடு, ஆனா அது நல்லா இருக்கும்போதே முக்கால் வாட் கிட்ட எரிக்கிற ஐசி, அதனால சூட்டை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்ம ஊர் குளிருல எதைத் தொட்டாலும் சூடாத்தான் தெரியும் வேற.

7915 அவுட்புட்ல ட்ராக்கை வெட்டி நடுவுல 10 ஓம் போட்டு அது மேல வோல்டேஜ் பாத்தேன். டேட்டாஷீட்ல (ஐசி கம்பெனி குடுக்குற விவரத்தாள்) மைனஸ் 15 லைனுக்கு 25 மில்லிஆம்ப்னு இருக்கு, அப்போ கால் வோல்ட் வரணும், எனக்கு 1.4 வோல்ட் காட்டுது, அதாவது 140 மில்லிஆம்ப். ஐசிக்கு வர்ற மத்த லைன்ல, ப்ளஸ் 5-ல 27 மில்லிஆம்ப், மைனஸ் 5-ல 37, இது ரெண்டும் கணக்கா இருந்துச்சு.

இங்கதான் அவசரப்படக்கூடாது, அந்த லைன்ல கெபாசிட்டரும் இருக்கே. லீக் ஆயிருக்கும்னு எலக்ட்ரோலைட்டிக்கை கழட்டுனேன், பக்கத்துல இருந்த 100 நானோஃபாரட் கெபாசிட்டரையும் கழட்டுனேன், அதே 1.4. அப்புறம் 15-ம் காலை மட்டும் (மைனஸ் 15 வர்றதும் அதே கால்தான், மறக்கவே மறக்காது) ஈயத்தை உறிஞ்சி மெதுவா நெம்பித் தூக்குனேன், மீட்டர் பொசுக்குனு சைபருக்குப் போயிடுச்சு. ஐசிதான்.

வேற ஐசி பழைய போர்டுல இருந்து கழட்டுனதா பாத்து வாங்குனேன், புதுசுன்னு விக்கிறதுல மேல சுரண்டி நம்பர் அடிச்சது நிறைய. பேஸ் (ஐசி சொருகுற சாக்கெட்) வச்சுப் போட்டேன், 10 ஓம்ல 0.26 வோல்ட்.

கோத்தகிரில இருந்து:
அண்ணா, நான் உல்டா. ஐசி போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன், ஏன்னா ஃபியூஸ் போட்டுப் போட்டு எரியுது. கடைசில பாத்தா எனக்கு முன்னாடி கை வச்சவரு 7805 (ப்ளஸ் 5 ரெகுலேட்டர்), 7905 (மைனஸ் 5) ரெண்டையும் ஒரே ஹீட்சிங்க்ல நடுவுல மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிசு தகடு) இல்லாம முடுக்கி வச்சிருக்காரு. 7805 முதுகு கிரவுண்டு, 7905 முதுகு இன்புட், நேரா ஷார்ட். 2 ரூபா மைக்காவுக்கு நான் 3 நாள் ஐசியை முறைச்சுட்டு உக்காந்திருந்தேன்.

ஊட்டி லவ்டேல்ல இருந்து:
எனக்கு ராஸ்பெர்ரி பை (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) கூட பிசிஎம் 5102 டிஏசி போர்டு. பை முதல்ல ஆன் ஆயிடும், டிஏசிக்கு தனி அடாப்டர், கரண்ட் கட் ஆகி வந்தா எது முன்னாடி எது பின்னாடின்னு கணக்கே கிடையாது. பவரே வராத ஐசிக்குள்ள சிக்னல் கால் வழியா கரண்ட் ஏறி லாட்ச்-அப் ஆயி (உள்ள ஷார்ட் மாதிரி மாட்டிக்கிட்டு, பவரை எடுக்குற வரைக்கும் விடாது), 3.3 ரெகுலேட்டர் கொதிச்சுக் கிடந்துச்சு. எல்லாத்தையும் பிடுங்கிட்டு டீ குடிச்சிட்டு வந்து டிஏசிக்கு மட்டும் பவர் குடுத்தேன், சாதுவா இருக்கு. பொழச்சுது. இப்ப ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச், 3 சிக்னல் ஒயர்லயும் 100 ஓம்.

கோத்தகிரி மறுபடி:
அண்ணா அந்த 7915-ஐயும் மாத்துனீங்களா?

இல்ல தம்பி, அதுக்கு ஒண்ணும் ஆகல, சின்ன ஹீட்சிங்க் மட்டும் மாட்டி விட்டேன். ஐயா காசு குடுத்தது போக அடுத்த வாரம் ஒரு பொட்டலம் வர்க்கியோட வந்தாரு, கூடவே ஒரு டேப் ரெக்கார்டரும்.