அரையாண்டு விடுமுறைக்கு எந்த மலைப்பாதை நல்லது?

வணக்கம் நண்பர்களே. அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் தருமபுரிக்கு வருகிறது. வழக்கமாக ஒகேனக்கல் போய், பரிசலில் சுற்றி, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிவிடுவோம். இந்த முறை பிள்ளைகள் நன்றாக நடக்க வேண்டும் என்று அக்கா உறுதியாக இருக்கிறார். பெரியவன் பத்தாவது, சின்னவள் ஆறாவது.

முதல் நாள் ராயக்கோட்டை மலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1791இல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. மேலே நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். விடியற்காலையில் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடலாம்.

அப்புறம்தான் குழப்பம். வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுச் சாலையில் வண்டியில் போகாமல், அடிவாரத்திலிருந்து நடந்தே ஏற நல்ல ஒற்றையடிப் பாதை இருக்கிறதா? அந்தக் காப்பி, மிளகுத் தோட்டங்களை நிதானமாக நடந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தீர்த்தமலையில் கோயிலைத் தாண்டி மேலே சின்னவளைக் கூட்டிப்போகலாமா? அஞ்செட்டிப் பக்கம் யானைக் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க மாட்டோம். அதற்கு யாரை அணுகுவது?

சமீபத்தில் ஏறியவர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, வழியில் தண்ணீர் கிடைக்குமா என்று தயவுசெய்து சொல்லுங்கள். உள்ளூரில் நம்பிக்கையான வழிகாட்டி இருந்தாலும் தெரிவியுங்கள்.