புதுப்பிப்பு: வெளிநாட்டில் உலோகமில்லாத பல் கேப், வேலை முடிந்தது

எனக்கு நிக்கல் அலர்ஜி. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு உலோகமே இல்லாத கேப் போடும் டாக்டரை வெளிநாட்டில் எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்த யோசனை இதுதான்: "உலோகமில்லாததா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள்." நான்கு கிளினிக்குகளுக்கு எக்ஸ்ரேயை அனுப்பி, முழு சிர்க்கோனியாவா, லித்தியம் டைசிலிகேட்டா (இரண்டுமே உலோகமில்லாத கேப் செய்யும் பொருட்கள்) என்று கேட்டேன். ஒருவர் "செராமிக்" என்று மட்டும் எழுதினார். மறுபடி கேட்டதும்தான், உள்ளே உலோகத் தொப்பி, மேலே பீங்கான் பூச்சு என்று தெரிந்தது. தெளிவாகப் பதில் எழுதியவரிடமே போனேன். கடைவாயில் மெல்லும் அழுத்தம் அதிகம் என்பதால் சிர்க்கோனியாவைச் சொன்னார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது சிர்க்கோனியத்தின் ஆக்சைடு, செராமிக் வகைதான்.

எதிர்பாராதது ஒன்று. கேப்பைத் தாங்க வேருக்குள் வைக்கும் போஸ்டும் உலோகமாக இருக்கலாம்! நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இது பேச்சில் வந்தது. நல்லவேளை, கண்ணாடியிழை போஸ்ட் அவரிடம் இருந்தது. இதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். லேப் தரும் பொருள் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

கேப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ஈறில் சிவப்போ அரிப்போ இல்லை. கடி கொஞ்சம் உயரமாக இருந்ததால் மறுநாள் போய்த் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஊர் திரும்பும் டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் தள்ளியே போடுங்கள்.