மாஸ்கோ குளிரில் வீணை மெழுகு: யோசனை தேவை

வணக்கம். மாஸ்கோவில் உள்ள ஓர் இந்தியப் பண்பாட்டு மையத்தின் இசை வகுப்புக்காகக் கேட்கிறோம். தஞ்சாவூர் வீணை இரண்டு, மிருதங்கம் மூன்று இருக்கின்றன.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கட்டடத்தில் வெப்பமூட்டி ஓடும். அறை ஈரப்பதம் 20–25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. வீணையின் 24 மெட்டுகளை (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) தாங்கும் மெழுகு விரிசல் விடுகிறது. மேல் ஸ்தாயி மெட்டுகள்தான் முதலில் பெயர்கின்றன. வெப்பமூட்டி அருகே வைத்தால் அதே மெழுகு இளகி மெட்டு சாய்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்ததும் பெட்டியை நான்கு மணி நேரம் திறப்பதில்லை. ஈரப்பதமூட்டியும் உண்டு, ஆனால் கூடம் பெரிது.

மிருதங்கத்தில் வலந்தலை (வலப்பக்கத் தோல்) இறுகிச் சுருதி ஏறுகிறது, அதன் நடுவிலுள்ள கருப்புப் பூச்சான சோறு ஓரத்தில் உதிர்கிறது. தொப்பியில் (இடப்பக்கத் தோல்) அப்பும் ரவைப் பசை அரைமணியில் காய்ந்துவிடுகிறது. தோல்களை இழுத்துக் கட்டும் வாரைத் தளர்த்தி வைப்பது கொஞ்சம் உதவுகிறது.

வீணை மெழுகுக்குத் தேன்மெழுகு, கரித்தூளோடு குங்கிலியம் (மரப்பிசின்) சேர்ப்பவர்கள் குளிருக்கு என்ன விகிதம் வைக்கிறீர்கள்? வார் மிருதங்கத்தை விட்டு போல்ட்டால் தோலை முடுக்கும் மிருதங்கத்துக்கு மாறினால் நாதம் எவ்வளவு குறையும்? வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பொருத்த, தெரிந்தவர்களும் சொன்னால் நல்லது. "ஃபைபர் (கண்ணாடியிழை) வாத்தியம் வாங்குங்கள்" என்பதை மட்டும் தவிர்க்கவும், ஆசிரியர் ஏற்கமாட்டார்.