/பின் தனியாக இருக்க வேண்டுமா?

ஓட்டைவட்டு: லினக்ஸ் வகையான டெபியன் 12 போட்ட மெஷினில் எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) அடித்துப் பார்த்தால், அடிப்படைக் கட்டளைகள் இருக்கும் /பின் கோப்புறையே இல்லை, யூஎஸ்ஆர்/பின்னைக் காட்டும் வெறும் சிம்லிங்க் (இன்னொரு இடத்தைச் சுட்டும் குறிப்பு). /எஸ்பின் (நிர்வாகக் கட்டளைகள்), /லிப் (நிரல்கள் பகிரும் நூலகங்கள்) கதையும் அதே. யாருக்கு என்ன இடைஞ்சல் என்று கலைத்தார்கள்? ரூட் (கோப்பு மரத்தின் அடி) மட்டும் மவுண்ட் ஆனாலே, அதாவது இணைந்தாலே, கட்டளை வாங்கும் ஷெல், மவுண்ட், வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே எல்லாம் கையில் இருக்குமே. அதற்காகத்தானே பிரித்தார்கள்?

இனிட்ராம்: அதற்காக இல்லை, இடம் போதாமல் பிரித்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் யூனிக்ஸை உருவாக்கிய தாம்சனும் ரிச்சியும் பிடிபி-11 கணினியை வைத்திருந்தபோது ரூட் வட்டு நிரம்பிவிட்டது. மிச்ச நிரல்கள் பயனர் கோப்புகள் கிடந்த /யூஎஸ்ஆர் வட்டுக்குப் போயின. மவுண்ட் கட்டளையையும் அங்கே தள்ளினால் அந்த வட்டை எதை வைத்து மவுண்ட் செய்வது? அதனால் அது ரூட் வட்டிலேயே தங்கியது.

ஓட்டைவட்டு: எதற்குப் பிறந்தால் என்ன, என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு பழைய சர்வரில் /யூஎஸ்ஆர் இருந்த வட்டு கெட்டு, சிங்கிள் யூசரில் (பழுது பார்க்கும் நிலை) வந்து நின்றது. விஐ எடிட்டர் கூட இல்லை. கேட், எக்கோ கட்டளைகளை வைத்தே, எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேபைத் திருத்தினேன்.

இனிட்ராம்: இன்று அந்த வேலை பூட்டுக்கான சிறு தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுடையது. இயங்குதளத்தின் கருவான கர்னல் அதை ரேமில் விரிக்கும். மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் இனிட் தொடங்கும் முன்பே ரூட், /யூஎஸ்ஆர் இரண்டும் மவுண்ட் ஆகிவிடும். தவிர, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வின் விதிகள் சில பூட்டின்போதே /யூஎஸ்ஆரில் உள்ளதைக் கேட்கும். /பின்னுக்கும் /யூஎஸ்ஆருக்கும் நடுவே இருந்த வேலி எப்போதோ சாய்ந்தாயிற்று. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 17 அதை 2012இலேயே பிடுங்கிப் போட்டது.

டீமன்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லினக்ஸில் ஷெல்லான /பின்/எஸ்ஹெச் டைனமிக்காக, அதாவது ஓடும்போது, பொது நூலகமான லிப்சியை நம்பியிருக்கும். லிப்சி கெட்டால் தனி /பின் இருந்தும் பயனில்லை. யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியின் /ரெஸ்க்யூ கோப்புறையைப் பாருங்கள். ஸ்டாட்டிக்காக (வெளி நூலகம் தேவையில்லாமல்) கட்டிய ஒரே பைனரி, ஹார்ட்லிங்க்காக (ஒரே கோப்புக்குப் பல பெயர்) நூற்றுக்கு மேல் பெயர்கள். எந்தப் பெயரில் அழைக்கிறோமோ அந்தக் கட்டளையாக நடக்கும்.

ஓட்டைவட்டு: ஆமாம், அது உருப்படியான ஏற்பாடு. ஆனால் கர்னல் அப்டேட்டில் இனிட்ராம்எஃப்எஸ் வட்டு டிரைவரை விட்டுவிட்டால்? பிஸிபாக்ஸ் (சிறு அவசரக் கருவித்தொகுப்பு) பிராம்ப்ட் வரும், வட்டு வராது.

இனிட்ராம்: உங்கள் தனி /பின்னும் அதே வட்டில்தானே இருக்கிறது?

ஓட்டைவட்டு: சரி, அதில் மாட்டிக்கொண்டேன். பூட்டில் கர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் பழைய கர்னலை மட்டும் அழிக்கமாட்டேன்.