டிரேடுக்கு ‘அணிமாற்று’ சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

பேஸ்பால் சொற்பட்டியல்ல மத்ததெல்லாம் ஓரளவு ஓடிட்டு இருக்கு, டிரேடுங்கறதுல மட்டும், அதாவது ஒரு அணி தன் வீரரக் குடுத்து இன்னொரு அணியோட வீரர வாங்கறதுல, சிக்கி நிக்கிறோம். டிசம்பர் வந்தாலே எந்த அணி யாரக் குடுத்து யார வாங்கும்னுதான் பேச்சு, அதத் தமிழ்ல எழுத ஒரு சொல் இல்லாம எப்படி எழுதறது. இதுவரைக்கும் வந்தது வணிகம், ஆள்மாற்று, இடமாற்றம், பண்டமாற்று. வணிகம் அகராதியப் பாத்து எடுத்தது, ஆட்டத்தப் பாத்து எடுக்கல, விட்டுடலாம். ஆள்மாற்றுன்னா உடனே ஆள்மாறாட்டம்தான் ஞாபகம் வரும். இடமாற்றத்துல ஆளக் கேக்காம மாத்துறதுங்கற பொருள் இருக்கு, அது நல்லதுதான், ஆனா இங்கேர்ந்து போறது மட்டும்தான் தெரியுது, பதிலுக்கு வர்றது தெரியல.

பதிலுக்கு என்ன வந்துச்சுங்கறதுலதான் மொத்த விவாதமும் இருக்கு. 2023 டிசம்பர்ல பாட்ரெஸ் அணி, ஹுவான் சோட்டோவையும் டிரென்ட் கிரிஷாமையும் யாங்கீஸ் அணிக்கு அனுப்பிட்டு மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப்னு மொத்தம் அஞ்சு பேர வாங்குனாங்க. தோர்ப் அப்ப அமெரிக்க பேஸ்பாலோட உச்ச மட்டமான மேஜர் லீக்ல ஒரு பந்துகூடப் போட்டதில்ல, ஆனா மூணே மாசத்துல அவரையும் சேத்துக் குடுத்துதான் ஒயிட் சாக்ஸ்கிட்டேர்ந்து டிலன் சீஸ எடுத்தாங்க. சோட்டோ ஒரு வருஷம் யாங்கீஸுக்கு ஆடிட்டு, ஒப்பந்தம் முடிஞ்சு எந்த அணிக்கும் போகக்கூடிய கட்டற்ற வீரரா வெளிய வந்து, மெட்ஸ்கூட 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாரு.

இங்க பாருங்க, ரெண்டு தடவையும் அவரு அணி மாறியிருக்காரு, ஆனா முதல் தடவ மாத்துனாங்க, ரெண்டாவது தடவ அவரா மாறுனாரு. மாறு, மாற்று. தன்வினை, பிறவினை. நம்ம இலக்கணத்துலயே கிடக்குது, புதுசா எதையும் உருவாக்க வேணாம். டிரேடு நடந்தா ‘அணிமாற்று’, கட்டற்ற வீரர் தானாப் போனா ‘அணி மாறுதல்’னு வச்சுக்கலாம்ங்கறது என் கருத்து.

பண்டமாற்றுக்கு ரெண்டு பேர் ஆதரவு சொல்லியிருந்தீங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல. 1969ல கார்டினல்ஸ், கர்ட் ஃபிளட்ட ஃபில்லீஸுக்கு மாத்துச்சு, 12 சீசன் அங்க ஆடுன மனுஷன், நான் போக மாட்டேன், என் விருப்பத்தக் கேக்காம வாங்கி விக்கிறதுக்கு நான் சொத்து இல்லன்னு மேஜர் லீக்கோட தலைமை நிர்வாகியான கமிஷனருக்குக் கடிதமே எழுதுனாரு. அவரு போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1972ல தோத்துச்சு, அவரோட ஆட்ட வாழ்க்கை அதுக்கு முன்னாடியே 1971ல முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு பத்து வருஷம் மேஜர் லீக்ல ஆடி அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே அணில இருந்தவரோட சம்மதம் இல்லாம அவர மாத்த முடியாதுங்கற விதி இருக்குன்னா, அதுக்குப் பின்னாடி ஃபிளட் பட்ட பாடும் இருக்கு. அப்படி ஒரு வரலாறு இருக்கற இடத்துல பண்டம்னு நாம எழுதக் கூடாது.

வீரரோட சம்மதம் இல்லாம அவர மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல போடற டிரேடு தடைக்கு ‘மாற்றுத்தடை’ன்னு சுருக்கமா எழுதிடலாம். ‘கார்டினல்ஸ் வீரர் அரினாடோ மாற்றுத்தடையப் பயன்படுத்தி ஆஸ்ட்ரோஸ் அணிக்குப் போக மறுத்தார்’னு 2024 டிசம்பர் செய்திய எழுதிப் பாத்தேன், தடங்கல் இல்லாம வருது. சொல்லுங்க.

---

வணக்கம், டொராண்டோவில இருந்து எழுதுறன்.

அணிமாற்று எனக்குப் பிடிச்சிருக்கு. எங்கட ஊரில மாற்றுச் சம்பந்தம் எண்டு சொல்லுறவை, பெண் குடுத்த வீட்டிலயே பெண் எடுக்கிறது, அதால மாற்று எண்டாலே ரெண்டு பக்கமும் குடுத்து வாங்கினது எங்களுக்கு விளங்கும். 1990 டிசம்பரில எங்கட டொராண்டோ அணி ப்ளூ ஜேஸ் ஃபிரெட் மெக்ரிஃபையும் டோனி ஃபெர்னாண்டஸையும் பாட்ரெஸுக்குக் குடுத்து ரொபர்ட்டோ அலோமரையும் ஜோ கார்ட்டரையும் எடுத்தது, 92இலயும் 93இலயும் மேஜர் லீக்கின்ர இறுதித் தொடரான உலகத் தொடரை வெண்டது, 93இல தொடரை வெண்டு குடுத்த கடைசி அடி கார்ட்டரின்ர. அந்த அணிமாற்றைப் பற்றி இங்க இண்டைக்கும் கதைப்பினம்.

ஒரு கேள்வி. பதிலுக்கு வாற ஆளின்ர பேரைப் பிறகு சொல்லுறம் எண்டு ஒப்பந்தம் போடுவினம் எல்லோ, அவருக்கு என்ன சொல்?

---

மாற்றுச் சம்பந்தம்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க, அணிமாற்றுக்கு இதவிட நல்ல ஆதாரம் வேணாம்.

நீங்க கேட்டதுக்கு ‘பின்னறிவிப்பு வீரர்’னு வைக்கலாமா? ஆறு மாசத்துக்குள்ள அறிவிச்சாகணும்ங்கறதுதான் விதி, அதனால அறிவிப்புங்கற சொல் உள்ள இருக்கறது நல்லது. 1962ல கிளீவ்லாண்ட், ஹாரி சிட்டிங்கற கேட்சர இப்படித்தான் மெட்ஸுக்குக் குடுத்துச்சு, பின்னறிவிப்பு வீரரா கடைசில திரும்பி வந்ததும் அதே சிட்டிதான். இந்தச் சொல்ல வச்சு அந்தக் கதைய எழுதுனா குழப்பம் இல்லாம புரியுது பாருங்க.

அணிமாற்றுல பதிலுக்கு வர்ற மொத்தப் பேருக்கும் ‘எதிர்வரவு’ன்னு போட்டுக்கலாம். தோர்ப் மாதிரி மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கற மைனர் லீக்ல வளர்ந்துட்டு இருக்கற பசங்களுக்குத்தான் இன்னும் சொல் அமையல, ‘வளர்நிலை வீரர்’னு ஒருத்தர் அனுப்பியிருக்காரு, எனக்கு நாற்று, நாற்றங்கால்னு தோணுது. அணிங்க மைனர் லீக் கிளைகள வச்சு ஆள் வளக்கறத அங்கயும் பண்ணைன்னுதான் சொல்றாங்க. எது வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க, பட்டியல்ல ஏத்திடறேன்.